காரைக்கால் மாங்கனியும் நான்காம் ஆண்டுப் பாடமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஒரு கல்லூரியில் தமிழ்த் துறை உதவிப் பேராசிரியர். எங்கள் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு ஆனர்ஸ் படிப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. நான்காம் ஆண்டு மாணவர்களுக்காகத் தமிழர் பண்பாடும் கலைகளும் என்ற விருப்பப் பாடத்தை முன்மொழிந்தேன். சங்க காலம், பக்தி இயக்கம், கோயிற்கலை, நாட்டார் வழக்காறு, இக்காலம் என ஐந்து அலகுகள். துறைக் கூட்டத்திலேயே "இது முதலாண்டுப் பாடம் மாதிரி இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்கே தவறினேன் என்று புரியவில்லை.
– வாசகி, காரைக்கால்

பதில்: உங்கள் கடிதம், பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு முன்மொழிவை நினைவுபடுத்திவிட்டது. அதிலும் இதே ஐந்து அலகுகள்தாம். நான்காவதும் ஐந்தாவதும் இடம் மாறியிருந்தன, அவ்வளவே. பாடத்திட்டக் குழுவுக்கு வெளியிலிருந்து வந்திருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் அதை முழுவதும் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை, இந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கையில் என்ன இருக்கும்?" என்னிடம் பதில் இல்லை. பாடம் அன்றே தள்ளி வைக்கப்பட்டது. பின்னாளில் பல பாடத்திட்டக் குழுக்களில் மேசையின் மறுபக்கம் உட்கார நேர்ந்தபோதெல்லாம், பண்பாடு என்ற சொல்லோடு வரும் ஒவ்வொரு பாடத்திடமும் அதே கேள்வியைத்தான் நானும் கேட்டு வந்திருக்கிறேன்.

உங்கள் துறையினர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு, மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் என்றும் நான்காண்டு ஆனர்ஸுக்கு 160 கிரெடிட் என்றும் வகுத்துள்ளது. முதல் ஆறு செமஸ்டர்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றவர்கள் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸில் சேர்ந்து, 12 கிரெடிட்டுக்கு ஓர் ஆய்வேடு எழுதலாம். ஆய்வேடு எழுதாத ஆனர்ஸ் மாணவர்கள் அந்த 12 கிரெடிட்டுக்கு ஈடாக மூன்று உயர்நிலைப் பாடங்களைப் படித்தாக வேண்டும். உங்கள் பாடம் வந்து உட்காரக்கூடிய இடம் இந்த மூன்றில் ஒன்று. அந்தக் கட்டமைப்பில் 100 முதல் 199 வரையிலான குறியீடுகள் அடிப்படைப் பாடங்களுக்கும், 400 முதல் 499 வரையிலானவை மேம்பட்ட பாடங்களுக்கும் உரியவை. நீங்கள் 400-இன் குறியீட்டைப் போட்டு, உள்ளே 100-இன் பாடத்தை வைத்துவிட்டீர்கள். ஈராயிரம் ஆண்டுகளை ஐந்து அலகுகளில் சொல்லி முடிக்கும் பாடம் அறிமுகப் பாடமாகத்தான் இருக்க முடியும். ஆய்வேட்டுக்கு ஈடாக வரும் பாடத்தில், மாணவர் ஒரு பொருளின் எதிரே நெடுநேரம் நின்று, அதைப் பற்றித் தாமாக ஒரு கருத்தை உருவாக்கி, அதை நிறுவிக்காட்ட வேண்டும்.

அப்படிப்பட்ட பொருளைத் தேடி நீங்கள் எங்கும் போக வேண்டியதில்லை. நீங்கள் இருப்பது காரைக்கால். ஆண்டுதோறும் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி உங்கள் தெருவில் காரைக்கால் அம்மையாரின் கதையை நினைவுகூர்ந்து நடக்கும் மாங்கனித் திருவிழா ஒன்றே ஒரு செமஸ்டருக்குப் போதும். உண்மையில் ஒரு செமஸ்டர் அதற்குப் போதாது.

ஏன் என்று சற்று விரித்துச் சொல்கிறேன். காரைக்கால் அம்மையார் பாடியவையாக நமக்குக் கிடைத்திருப்பவை 143 பாடல்கள்: அற்புதத் திருவந்தாதியில் 101, திருவிரட்டை மணிமாலையில் 20, திருவாலங்காட்டுப் பதிகங்கள் இரண்டிலும் 22. பதினொன்றாம் திருமுறையில் உள்ள இவை முழுவதையும் ஒரே செமஸ்டரில் வரிவரியாகப் படித்து முடித்துவிடலாம். ஒரு கவிஞரை முழுமையாகப் படிக்கும் வாய்ப்பு நம் மாணவர்களுக்கு எத்தனை முறை கிடைக்கிறது? அப்படி முழுவதையும் படித்து முடிக்கும் மாணவர் ஒன்றைக் கண்டுகொள்வார்: இந்த 143 பாடல்களில் மாங்கனி இல்லை. கணவன் பரமதத்தன் இல்லை. அம்மையாரின் இயற்பெயராகச் சொல்லப்படும் புனிதவதி என்ற பெயரும் இல்லை. அம்மையார் தம்மைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொள்கிறார். உடல் வற்றி நரம்பெழுந்த பேய்மகளைத்தான் பாடுகிறார். கணவன் அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைச் சிவனடியாருக்கு அளித்துவிட்டு, கணவன் மற்றொன்றைக் கேட்டபோது இறைவனிடம் வேண்டிப் பெற்ற கதை, அம்மையாருக்கு ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின், 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில்தான் நமக்கு விரிவாகக் கிடைக்கிறது.

அந்த மாணவரை இப்போது ஒரு சிலையின் படத்துக்கு முன் உட்கார வையுங்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் சோழர் காலச் செப்புத் திருமேனியில், அம்மையார் வற்றிய மேனியோடு அமர்ந்து, கையில் தாளம் ஏந்தி, இறைவன் ஆடலுக்குப் பாடிக்கொண்டிருக்கிறார். கம்போடியாவில் 967-இல் குடமுழுக்குக் கண்ட பன்டேஸ்ரே கோயிலில், ஆடும் சிவனின் அருகே எலும்பும் தோலுமாய் அமர்ந்திருக்கும் பெண்ணுருவத்தையும் அறிஞர்கள் காரைக்கால் அம்மையார் என்றே அடையாளம் காண்கிறார்கள். கடல் கடந்து சென்றது அந்தப் பேயுரு. ஆனால் காரைக்கால் தெருவில் நடப்பது திருக்கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு உண்டு, மணக்கோலம் உண்டு, பிச்சையேற்கும் கோலத்துச் சிவனான பிட்சாடனர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகள் வந்து விழும், பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். தம்மைப் பேய் என்று சொல்லிக்கொண்டவரை அவருடைய ஊர் ஏன் மணமகளாக நினைவில் வைத்துக்கொண்டது? இந்தக் கேள்விக்கு யாரும் ஒற்றை வரியில் விடை சொல்லிவிட முடியாது. ஓர் ஆனர்ஸ் பாடத்துக்கு வேண்டியது இப்படி ஒரு கேள்விதான். பாடத்தின் தலைப்பாகவே அதை வைத்துவிடுங்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். ஒரு கிரெடிட் என்பது செமஸ்டருக்கு 15 மணி நேர விரிவுரை, அல்லது 30 மணி நேரச் செய்முறை அல்லது களப்பணி. நான்கு கிரெடிட் பாடமாக அமைத்து, மூன்றை வகுப்புக்கும் ஒன்றைக் களத்துக்கும் ஒதுக்கினால், 45 மணி நேரம் வகுப்பும் 30 மணி நேரம் களமும் கிடைக்கும். அந்த 30 மணி நேரத்தை "களப்பணி மேற்கொள்ளப்படும்" என்று ஒற்றை வரியில் எழுதிவிடாமல், எந்த நாள், எந்தத் தெரு, எத்தனை மணி நேரம், கையில் என்ன குறிப்பேடு என்று முன்மொழிவிலேயே எழுதுங்கள். குழு உறுப்பினர்கள் முதலில் படிக்கப்போவது அந்தப் பத்தியைத்தான்.

நாட்காட்டியில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆனிப் பௌர்ணமி ஜூன் நடுப்பகுதிக்கும் ஜூலை நடுப்பகுதிக்கும் இடையில் வரும். அப்போதுதான் ஏழாம் செமஸ்டர் தொடங்கும், சில ஆண்டுகளில் தொடங்கியும் இருக்காது. இதை இடைஞ்சலாக நினைத்து எட்டாம் செமஸ்டருக்கு மாற்றிவிடாதீர்கள். மாணவர்கள் ஒரு பாடலும் படிக்காமல் முதலில் திருவிழாவைப் பார்க்கட்டும், பார்த்ததை அன்றிரவே எழுதட்டும். பாடல்களைப் பிறகு படிக்கலாம். படித்துவிட்டுப் போகிறவர்கள் படித்ததைத்தான் தெருவில் தேடுகிறார்கள் என்பது என் அனுபவம்.

நான் ஒருமுறை மாணவர்களை இந்தத் திருவிழாவுக்கு அழைத்து வந்திருக்கிறேன். எல்லாரும் கூட்டத்தையும் மேளத்தையும் எழுதி வந்தபோது, ஒரு மாணவி மட்டும் ஒரே ஒரு மாடியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார். அந்த மாடியில் ஒரு மூதாட்டி கூடையோடு நின்றிருந்தாராம். மற்றவர்களைப் போல வீசாமல், கீழே யாரையோ தேடிக்கொண்டே இருந்து, தெரிந்த பெண்ணொருத்தி மடியேந்தி வந்ததும் கைப்பிடிச் சுவர்மேல் குனிந்து பழத்தை மெல்ல விட்டாராம். பழம் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது வீசுகிறவருக்கு முன்பே தெரிந்திருக்கலாம் என்று அந்த மாணவி எழுதியிருந்த வாக்கியம், அந்த ஆண்டு நான் படித்த ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றைவிட என்னைச் சிந்திக்க வைத்தது. வேண்டுதல், அண்டைவீட்டு உறவு, யார் எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள், யாருடைய மடி கூட்டத்தில் முன்னே வர முடிகிறது, யாருடையது முடிவதில்லை என்று அந்த ஒரு பழத்திலிருந்து எத்தனையோ பக்கம் போகலாம்.

மதிப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு இந்தப் பாடத்தைக் கொன்றுவிடும். களக்குறிப்பேடு, ஒரு பாடலையோ ஒரு சிலையையோ பற்றிய கட்டுரை, வாய்மொழித் தேர்வு என்று பிரித்துக் கேளுங்கள். ஆனால் பாடத்திட்டக் குழுவுக்குப் போகும் முன்பே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரைப் பார்த்து, அகமதிப்பீடு, புறமதிப்பீடு விகிதத்துக்குள் இவை எப்படிப் பொருந்தும் என்று பேசி முடித்துவிடுங்கள். நல்ல பாடங்கள் பல, "இதற்கு வினாத்தாள் யார் எடுப்பது?" என்ற கேள்விக்குப் பதில் தயாராக இல்லாததால் விழுந்ததைக் கண்டிருக்கிறேன். கற்றல் விளைவுகளை எழுதும்போது "அறிந்துகொள்வர்", "உணர்ந்துகொள்வர்" என்ற வினைகளைத் தவிர்த்துவிடுங்கள். "அம்மையாரின் தற்சித்திரத்தையும் சேக்கிழாரின் சித்திரத்தையும் ஒப்பிட்டு, வேறுபாட்டுக்குச் சான்றோடு காரணம் கூறுவர்" என்று எழுதினால், அது எந்த நிலைப் பாடம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

மாணவர் எண்ணிக்கையை இருபதுக்கு மேல் போக விடாதீர்கள். நாற்பது குறிப்பேடுகளை வாரந்தோறும் படித்துத் திருத்த எந்த ஆசிரியராலும் முடியாது. திருத்தப்படாத குறிப்பேட்டை மாணவர்கள் இரண்டாம் வாரத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

கேள்வி: பண்பாட்டுப் பாடம் என்றால் கோயிலும் சிற்பமும்தானா? என் வரலாற்று வகுப்பில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் கலந்தே இருக்கிறார்கள். ஒரு திருவிழாவைப் பாடமாக்கினால் சிலர் ஒதுங்கிவிடுவார்களே?
– வாசகர், நாகூர்

பதில்: ஒதுங்குவார்கள் என்ற அச்சம் நியாயமானது. அதற்காகத் திருவிழாக்களையே விட்டுவிட்டால், மக்கள் உயிரோடு வைத்திருக்கும் பண்பாட்டை விட்டுவிட்டு அருங்காட்சியகத்தில் இருப்பதை மட்டும் சொல்லிக்கொடுத்தவர்களாவோம். பார்ப்பது வேறு, வழிபடுவது வேறு என்பதை முன்மொழிவிலேயே தெளிவாக எழுதுங்கள். எந்த மாணவரும் எந்தச் சடங்கிலும் பங்கேற்க வேண்டியதில்லை என்றும், களத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை மாணவருக்கு உண்டு என்றும் ஒரு விதியாகவே சேர்த்துவிடுங்கள்.

களங்களுக்கு உங்கள் பகுதியில் என்ன குறை? நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே நாகூர் தர்கா இருக்கிறது. அதன் மினாராக்களில் மிக உயரமானதைக் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். ஓர் இந்து மன்னர் ஒரு சூஃபி ஞானியின் அடக்கத்தலத்துக்கு ஏன் மினாரா எழுப்பினார் என்பதை ஒரு வாரம் முழுவதும் பேசலாம். தெற்கே வேளாங்கண்ணி. காரைக்காலிலேயே மஸ்தான் சாஹிப் தர்காவின் கந்தூரியும் உண்டு. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962-இல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்த ஊர் அது என்பதால், அங்குள்ள குடும்பங்களின் பழைய பத்திரங்களிலும் பிறப்புப் பதிவுகளிலும் தமிழ்ப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் பெற்ற உருவங்களே தனிப் பாடமாகும்.

நாட்காட்டி இங்கும் பேச வேண்டியது. வேளாங்கண்ணிப் பெருவிழா ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் நிறைவடைவதால் முதல் பருவத்துக்குள் ஆண்டுதோறும் தவறாமல் வரும். நாகூர்க் கந்தூரி ஹிஜ்ரி ஆண்டைப் பின்பற்றுவதால் ஆங்கில நாட்காட்டியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். ஒரு மூன்றாண்டுக்கான தேதிகளைக் கணித்து முன்மொழிவோடு இணைத்துவிடுங்கள். ஒரே கேள்வியை எல்லாக் களங்களுக்கும் பொதுவாக வைப்பதும் முக்கியம். "நேர்த்திக்கடனை எதனால் செலுத்துகிறார்கள், அந்தப் பொருளைச் செய்கிறவர் யார், செலுத்திய பின் அது எங்கே போகிறது?" என்ற கேள்வியோடு மூன்று இடங்களுக்கும் போய் வந்த மாணவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினால், நீங்கள் அஞ்சும் பிரிவு அந்த வகுப்பில் இருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

எவரையும் பேட்டி காணுமுன் அவர் சம்மதத்தைக் கேட்டுப் பெற வேண்டும். வேண்டுதலுக்கு வந்து நிற்பவரைப் படம் எடுக்கவே கூடாது. குழந்தை வேண்டியோ நோய் தீரவோ வந்து நிற்கும் ஒருவரின் முகம் நம் மாணவரின் செய்முறைப் பதிவேட்டில் ஒட்டப்படுவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது? இதில் நான் சிறிதும் விட்டுக்கொடுப்பதில்லை.

கேள்வி: தெருக்கூத்து பற்றி ஓர் ஆனர்ஸ் பாடம் எழுதியிருக்கிறேன். எங்கள் ஊர்க் கூத்து வாத்தியாரே ஆறு வாரம் கற்பிக்க வேண்டும் என்பது என் விருப்பம். அவருக்குப் பட்டம் இல்லை என்று தடுக்கிறார்கள். வழி உண்டா?
– வாசகர், பாகூர்

பதில்: உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் கொண்டுவந்த நடைமுறைப் பேராசிரியர் என்ற ஏற்பாட்டில், தம் துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உடையவர்களுக்குக் கல்வித் தகுதி கட்டாயமில்லை; கலைத் துறையும் அதில் அடங்கும். ஆறு வாரத்துக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம் என்று உங்கள் நிர்வாகம் கருதினால், வருகைதரு வல்லுநர் என்ற பெயரில் மதிப்பூதியத்தோடு அழைக்கக் கேளுங்கள்.

நம் கல்லூரிகள் பலவற்றில், கூத்துக் கலைஞரை ஆண்டு விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடும் வழக்கம் இருக்கிறது. விடிய விடிய ஆடும் ஒருவருக்கு அரை மணி நேரம் கொடுத்துவிட்டு, அதையே பண்பாட்டுக்குச் செய்த மரியாதையாக எண்ணிக்கொள்கிறோம். 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ஈழத்து நாட்டுக்கூத்துக்கு மறுவாழ்வு கொடுத்தபோது, கிராமத்துக் கூத்து ஆசான்களான அண்ணாவிமாரிடம் பல்கலைக்கழக மாணவர்கள் ஆட்டம் பயின்றார்கள். கற்பிப்பவர் அண்ணாவியார், கற்பவர் பட்டதாரி என்ற அந்த வரிசை மாறக்கூடாது.

முன்மொழிவில் மதிப்பூதியத் தொகையையும், அது எந்த நிதியிலிருந்து வரும் என்பதையும் எழுதிவிடுங்கள். "பின்னர் ஏற்பாடு செய்யப்படும்" என்று விட்டால் அது ஒருநாளும் ஏற்பாடாகாது. மதிப்பெண் போடுவதில் வாத்தியாருக்கும் பங்கு கொடுங்கள். அடவு சரியாக விழுந்ததா, பாட்டைத் தாளத்தோடு எடுத்தாரா என்று சொல்லத் தகுதியுள்ளவர் அந்த வகுப்பறையில் அவர் ஒருவர்தான். கூத்து வாத்தியாருக்குச் சித்திரை, வைகாசியில் ஊர் ஊராக ஆட்டம் இருக்கும், பாரதக் கூத்துக்காக மாதக் கணக்கில் வெளியூரில் தங்கவும் நேரும். அவர் ஓய்வாக இருக்கும் மாதங்களை அவரிடமே கேட்டு, அதற்கேற்ப அந்த ஆறு வாரத்தை அமையுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் மாநிலப் பல்கலைக்கழகங்களோடு இணைந்த கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டம்தான். எங்களுக்கு ஆனர்ஸ் இல்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்றைக் கொடுக்க வழியே இல்லையா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. பல தன்னாட்சிக் கல்லூரிகளில் கூடுதல் கிரெடிட் பாடம் என்ற ஒன்று உண்டு. விரும்பும் மாணவர், பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டுக்கு மேலாக அதை எடுத்துக்கொள்ளலாம். இப்போது அது பெரும்பாலும் வகுப்பு நடக்காத, தாமே படித்துத் தேர்வெழுதும் பாடமாக இருக்கிறது. அதை ஐந்தாம் செமஸ்டரில் பத்துப் பேருக்கு, வாரம் இரண்டு மணி நேரம் நடக்கும் கருத்தரங்க வகுப்பாக மாற்றும்படி உங்கள் பாடத்திட்டக் குழுவிடம் கேளுங்கள்.

தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழுவில் துறையின் ஆசிரியர்கள் அனைவரும், கல்விக் குழு நியமிக்கும் வெளி வல்லுநர் இருவரும், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவரும், தொழில்துறை சார்ந்த ஒருவரும், முன்னாள் மாணவர் ஒருவரும் இருப்பார்கள். தொழில்துறை இடத்துக்குத் தமிழ், வரலாற்றுத் துறைகள் வழக்கமாக யாரையாவது ஒப்புக்கு அழைத்து நிரப்புகின்றன. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே சுவாமிமலையில் ஐம்பொன் வார்ப்புப் பட்டறைகள் இருக்கும்போது, ஒரு ஸ்தபதியை அந்த நாற்காலியில் உட்கார வைக்க முடியுமா என்று முதல்வரிடம் கேட்டுப் பாருங்கள். மெழுகில் உருவம் பிடித்து, வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றும் அந்த வேலையில், மாணவர் எந்தக் கட்டத்தில் பக்கத்தில் நிற்கலாம், எந்தக் கட்டத்தில் எட்டி நிற்க வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல முடியும். உங்கள் பாடத்தின் களப்பணி அட்டவணை அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.